நடுவழியில் அணையும் பழைய கார்: 840 சிங்கப்பூர் வெள்ளி போன கதை

என் கார் 2010-இல் பதிவானது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை 2020-இல் இன்னும் 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அதனால் சட்டென்று ஸ்க்ராப்புக்குத் தள்ள மனம் வராது. இப்படிப்பட்ட ஆளை வொர்க்‌ஷாப்காரர் பார்த்தவுடனே கண்டுகொள்வார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை. ஜூரோங்கிலிருந்து அம்மாவைச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தீவு விரைவுச்சாலையில் தோ பாயோவை நெருங்கும்போது எஞ்சின் சத்தமில்லாமல் அணைந்தது. ஸ்டியரிங் இறுகியது. பிரேக்கும் இரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிட்டது. எப்படியோ ஓரத்துக்கு ஒதுக்கினேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டது, அதற்குக் காசில்லை. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது!

வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள், பிழைக் குறியீடு எதுவும் இல்லை. "பெட்ரோல் பம்ப்தான்" என்றார் பாஸ். 480 வெள்ளி. ஒன்பது நாளில் மறுபடி அணைந்தது. இந்த முறை தீப்பொறி தரும் இக்னிஷன் காயில், ப்ளக், 360 வெள்ளி. மூன்றாம் முறை போனபோது எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று 1,900 வெள்ளிக்கு வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினார். "பழைய கார், அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு ஆறுதல் வேறு.

மூன்று முறையும் அவர்கள் ஓட்டிப் பார்த்தது ஐந்து நிமிடம், அதுவும் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது. என் கார் அணைவதோ அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகுதான். இதை நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அது என் தப்பு.

நண்பர் ஒருவர் சொல்லி உட்லண்ட்ஸில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகிற அண்ணன். கை வைப்பதற்கு முன் கேள்விதான் கேட்டார். "தம்பி, சூடா இருக்கும்போதா, ஆறின பிறகா? அணைஞ்ச உடனே ஸ்டார்ட் பண்ணினா ஆர்பிஎம் முள் அசையுதா?" எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் அந்த முள்ளை நான் கவனித்ததே இல்லை. ஏர்கானைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரைக் கழற்றாமல், தே தாரிக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். ஐம்பது நிமிடத்தில் அணைந்தது. சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றுகிறது, ஸ்கேனரில் ஆர்பிஎம் மட்டும் பூஜ்யம். கிராங்க் சென்சார் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தார், உடனே பிடித்துக்கொண்டது.

எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வயதாகி, சூட்டில் தொடர்பு விட்டு, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. சிக்னல் இல்லையென்றால் தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. கூலியோடு சேர்த்து 150 வெள்ளி. நான்கு மாதமாக அணையவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கையோடு புது பம்ப்பையும் பார்த்துவிடலாம் என்று பின் சீட்டைத் தூக்கினார் அண்ணன். அதன் கீழே இருந்த பம்ப் மூடியின் மேல் பல வருடத் தூசி, ஒரு ஸ்க்ரூவில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. திறந்தால் உள்ளே அதே பழைய பம்ப்!

மூடியைத் திறப்பதற்கு முன்பே படம் எடுத்திருந்தோம். அதை முதல் வொர்க்‌ஷாப்பில் காட்டியதும் 'பையன் தவறுதலாகப் பில்லில் போட்டுவிட்டான்' என்று 480 வெள்ளியைத் திருப்பித் தந்தார்கள். காயிலைப் பற்றிக் கேட்டால் பேச்சில்லை. கழற்றிய பழைய காயிலை நான் அன்றே கேட்டு வாங்கவில்லை; காயிலுக்கான பில்லிலும் "எஞ்சின் ரிப்பேர்" என்று ஒரே வரிதான். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்; இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். அந்த 1,900 வெள்ளி கொட்டேஷனையும் புகாரோடு இணைத்துவிட்டேன்.