செயின் அறுந்தபின்: ஹெட்டைக் கழற்றுவதா, காற்றடித்துப் பார்ப்பதா?

எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓட்டத்தோடு வால்வுகளைச் சேர்த்து இயக்கும் டைமிங் செயின் போய்விட்டது என்று வண்டியை இழுத்துக்கொண்டு போனால், ராம்நாட்டில் இருந்து ராமேஸ்வரம் வரை எந்தப் பட்டறையிலும் முதலில் வரும் பேச்சு, "ஹெட்டைக் கழட்டிருவோம்ண்ணே" என்பதுதான். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி; வால்வுகள் அதில்தான் இருக்கும். இன்னொரு வழி, ஹெட்டைத் தொடாமல் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றடித்து அது எங்கே வெளியேறுகிறது என்று கேட்பது. மண்டபத்தில் நிற்கும் என் 1.3 லிட்டர் டீசல் காருக்கு நான் இரண்டாவதைத்தான் செய்தேன். கடலோரத்தில் வண்டி வைத்திருக்கும் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

செயின் அறுந்த வண்டியில் மறுபடி சாவியைத் திருப்பக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். புதுச் செயினைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்பார்கள் சிலர்; டீசலில் வேண்டவே வேண்டாம், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவு. சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கேமரா நல்ல துணைதான். பிஸ்டன் தலையில் பிறை மாதிரித் தழும்பு தெரிந்தால் வால்வு அடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த வால்வு வளைந்ததா இல்லையா என்பதைத் தழும்பு சொல்லாது. குளோ பிளக் (டீசல் எஞ்சினைச் சூடேற்றும் பிளக்) துளை குறுகல் என்பதால் சாதாரண 5.5 மி.மீ. கேமராவுக்கே பெரும்பாலும் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டிவரும்.

பலர் ஏமாறுவது சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜில். அறுந்த செயினோடு, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கைச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கும். அது எந்த வால்வையெல்லாம் அமுக்கிக்கொண்டு நிற்கிறதோ அந்த சிலிண்டரெல்லாம் பூஜ்யம் காட்டும், வால்வு முழுசாக நன்றாக இருந்தாலும் கூட. அதைப் பார்த்துவிட்டு நாலும் போச்சு, வேறு எஞ்சின் வாங்கிப் போடுங்கள் என்று சொல்வது பெரிய அநியாயம்.

சரியான முறை இது. குளோ பிளக்கையெல்லாம் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பி நாலு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். திருப்பும்போது தட்டினால் அழுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் கேமையும், அதன் அழுத்தத்தை வால்வுக்குக் கடத்தும் ராக்கரையும் எடுத்துவிட்டால் ஸ்பிரிங்கே எல்லா வால்வையும் மூடிவிடும், மூட முடிந்தவற்றை. உடைந்த ராக்கர்கள் அப்போதே கையில் வந்துவிடும். டாப் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, பிறகு குறைந்த அழுத்தத்தில் காற்று. இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் குழாயில் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது பிஸ்டன், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். பழைய குளோ பிளக்கை லேத்தில் குடைந்து அடாப்டர் செய்துகொண்டால் பஞ்சர் கடை கம்ப்ரஸரே போதும்.

எனக்கு மூன்றாவது சிலிண்டரில் மட்டும் எக்ஸாஸ்ட் பக்கம் சீறியது. அப்படியானால் எப்படியும் ஹெட் கழற்றத்தானே வேண்டும், காற்றடித்து என்ன லாபம் என்று கேட்கலாம். என் முடிவுக்குக் காரணமே அதற்கான பதில்தான்: துரு. ஹெட் மேலே இருக்கும்வரை சிலிண்டர் கிட்டத்தட்ட மூடிய பாத்திரம். கழற்றிய நிமிடத்திலிருந்து இரும்புச் சுவர் உப்புக்காற்றுக்குத் திறந்து கிடக்கிறது, அதுவும் வாடைக் காலத்தில் வடகடல் பக்கம் நிற்கும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஹெட் வேலைக்கு மதுரைக்கு அனுப்புவோம், அங்கே வரிசை, பிறகு வால்வுக்கு ஆர்டர், பிறகு கேஸ்கெட் தடிமன் மாறிவிட்டது என்று திரும்ப ஓட்டம். உச்சிப்புளியில் என் மச்சான் வண்டி இப்படித்தான் ஹெட் இல்லாமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்து, வால்வு வேலையோடு முடிய வேண்டியது போர் ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), ரிங் செட் என்று எஞ்சினையே இறக்கும் அளவுக்குப் போனது. எது போயிருக்கிறது என்று முதலில் தெரிந்ததால் நான் வால்வு, ராக்கர், செயின் கிட், புது ஹெட் போல்ட் எல்லாம் வாங்கி வைத்து, மதுரைப் பட்டறையிலும் சொல்லி வைத்துவிட்டுத்தான் ஹெட்டில் கை வைத்தேன். கழற்றியதும் சுவரெல்லாம் ஆயில் பூசி மூடினோம். கேஸ்கெட்டை மட்டும் அதே தடிமனில், பழையதின் ஓரத்து வெட்டுக்குறிகளைப் பார்த்து வாங்கினோம்.

ஹெட்டை நேராகக் கழற்றுவதே சரியாக இருக்கும் இடமும் உண்டு. கிராங்க் கையால் அசையவே இல்லை, அல்லது வேகமாகப் போகும்போது அறுந்து உள்ளே உலோகம் நொறுங்கிய சத்தம் வந்தது என்றால் காற்று டெஸ்ட் வீண். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் லேசாக வளைந்திருந்தாலும் காற்று அதைக் காட்டிக்கொடுக்காது. பெட்ரோல் எஞ்சினில் நான் இதைச் செய்ததில்லை. அங்கே பிளக் துளை பெரிசு என்பதால் கேமராவுக்கே மதிப்பு கூடும் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்லமாட்டேன்.

எந்த வழியில் போனாலும் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கி ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையைப் பாருங்கள். செயின் உரசி ஓடும் கைடின் பிளாஸ்டிக் துண்டுகள் அங்கேதான் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் அழுத்தம் இல்லாமல், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தால் புதுச் செயினும் அதே வழியில் போகும்.