காரைக்குடியில் ஒரு மெஸ்: விளைமீன் குழம்பும் அது வந்த வழியும்

பழைய வளவு வீடொன்றின் பட்டாலையில் மதியம் மட்டும் நடக்கும் இந்த மெஸ்ஸுக்குக் கோழிக்காக வருகிறவர்களே அதிகம். என்னைக் கேட்டால் இங்கே சாப்பிட வேண்டியது மீன்தான். விளைமீன் குழம்பை முதல் நாளே மண்சட்டியில் வைத்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் பதத்தில் மறுநாள் பரிமாறுகிறார்கள். புளியும் மிளகாயும் தூக்கலாக இருந்தும் துண்டு உடையவில்லை. சதை முள்ளிலிருந்து ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. தேங்காய் சேர்க்காததால் மீனுக்கே உரிய இனிப்பும் மறையவில்லை.

இச்சுவையில் சமையற்காரரின் கைப்பக்குவத்துக்கு இருக்கும் பங்கு, மீன் மேய்ந்த இடத்துக்கும் உண்டு. விளைமீன், களவா, ஓரா ஆகியவை பவளப்பாறைகளை, அதாவது மீனவர்கள் சொல்லும் பார்களை, ஒட்டி வாழ்பவை. உலகக் கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இப்பாறைகளில்தான் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழக் கால்பங்கு அண்டிப் பிழைக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்கள் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே மீன்பிடிக்கக் கூடாது. ஆனால் அங்கே குஞ்சு பொரித்து வளர்ந்து வெளியே வரும் மீன், நாட்டுப்படகுக்காரர், ஐஸ் பெட்டியில் ஏற்றிவரும் வியாபாரி, இந்த மெஸ் என அத்தனை பேருக்கும் வரும்படியாகிறது.

இதை அறிந்தவர்கள் கிளிமீன் வறுவலைப் பட்டியலில் வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று, இளம் பவளம் பற்றி வளர இடம் ஒதுக்கித் தருவது அந்த மீன். கடல்நீர் சூடேறியதால் 2016இல் இவ்வளைகுடாவில் பவளங்கள் வெளிறி, ஒரு பகுதி மடிந்தே போனது. அப்படிப் பட்டுப்போன பாறையைப் பாசி மூடிவிட்டால் மீட்சி கடினம். வறுவலும் சப்பென்றுதான் இருந்தது. உள்ளங்கை அளவு களவாவையும் வாங்காமல் விடலாம். களவா பெண்ணாக வளர்ந்து பின்னரே ஆணாக மாறும் இனம், அந்த அளவில் பிடிபடுவது பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

கை கழுவப் போகும் வழியில் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரின் வழவழப்பைத் தொட்டுப் பார்க்கலாம். (தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தையே வெட்டி எடுத்த காலமும் உண்டு. 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால், அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே வருகிறது; விலை கூடினாலும் மீன் புதிதாக இருக்கிறது. நண்டு ரசம் சுமார். இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பு கிடைக்காது.