1.4 மீட்டர் மூடிய எஸ்எம்பி, 30 மீட்டர் ஃபிங்கர் ஸ்பூல்: வாங்கலாமா?

ஸ்கூபா டைவிங் செய்பவர் நீருக்கடியிலிருந்து ஊதி மேலே விடும் அடையாள மிதவைதான் எஸ்எம்பி. அதைப் பிடிக்கும் 30 மீட்டர் நூல் சுற்றிய சிறு உருளைதான் ஃபிங்கர் ஸ்பூல். கீழே ஆள் இருக்கிறது என்று மேலே போகும் படகுக்குக் காட்டுவதுதான் இந்த ஆரஞ்சு மிதவையின் வேலை. உயரம் 1.4 மீட்டர், காற்றடைத்தால் குறுக்களவு 15 செ.மீ., முழுதாக நிரம்பினால் ஏறக்குறைய 25 லிட்டர். மீன்பிடிப் படகுகள் ஓடும் புதுச்சேரி, திருகோணமலைக் கடலுக்கு இந்த அளவைத்தான் பரிந்துரைப்போம். 1 மீட்டர் மிதவை வாங்கிக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். அலை எழுந்தால் அது மறைந்துவிடும்.

இதன் பெரிய பலம் அடிப்பக்கம் மூடியிருப்பது. வாய் திறந்த மிதவை மேலே சாய்ந்தால் காற்று கொட்டிவிடும். இதில் ஊதுகுழாய்க்குள் ஒருவழி வால்வு இருப்பதால் போன காற்று திரும்பாது. அளவுக்கு மீறி விரியும் காற்றை அடியிலுள்ள அழுத்த வால்வு தானே வெளியேற்றும்.

எத்தனை மூச்சு ஊதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே மூச்சு போதும். நுரையீரலில் இருந்த காற்றுதான் பைக்குப் போகிறது, அதனால் உங்கள் மிதப்பு மாறாது. ஆனால் மறுமூச்சு இழுத்த நொடியே பையிலுள்ள அந்த ஒரு மூச்சு, அதாவது 4 லிட்டர் காற்று, உங்களை 4 கிலோ விசையோடு மேலே தூக்கும். ஆகவே ஊதி முடித்ததும் மிதவையை விட்டுவிடுங்கள், பிறகு மூச்சிழுங்கள். 12 மீட்டர் ஆழத்தில் ஊதிய 4 லிட்டர் மேலே 9 லிட்டர் அளவுக்கு விரியும். மிதவையில் மூன்றில் ஒரு பங்குதான் நிமிரும். 20 மீட்டரில் ஊதினால் பாதி நிறையும். மீதியை மேலே வந்தபின் வாயால் ஊதிக்கொள்ளலாம். பிசிடியின் (மிதப்பைச் சரிசெய்ய அணியும் காற்றுச் சட்டை) காற்றுக் குழாயைச் செருகவும் முனை உண்டு, வேகமாக நிரம்பும். கை பழகாதவர்கள் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

விடும் முன் தலை நிமிர்த்தி மேலே பாருங்கள். ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி) குழாய், டார்ச் கயிறு எதுவும் நூலுக்குக் குறுக்கே இருக்கக் கூடாது. ஸ்பூலின் துளையில் ஒரு விரல், எதிர்ப்பக்கத் துளையில் கட்டைவிரல். அது தானாகச் சுழலட்டும். நூலை விரலில் சுற்றாதீர்கள், ஸ்பூலைப் பிசிடியில் மாட்டாதீர்கள். சிக்கினால் கையை விட்டுவிடுங்கள். மிதவை போனால் இன்னொன்று வாங்கலாம். நூலோடு நீங்களும் விருட்டென்று மேலே போனால் நுரையீரல் கிழியக்கூடும்.

குறை என்றால் ஸ்பூலோடு வரும் கிளிப். துளையில் கிடக்கும் அதைக் கழற்ற மறந்தால் ஸ்பூல் சுழலாமல் நின்றுவிடும். நூலின் நுனி முடிச்சும் சிறியது. வாங்கியதும் ஸ்பூல் நுழையும் அளவுக்குப் பெரிய கண்ணியாக மாற்றிக் கட்டுங்கள்.

ஏறும்போது நூல் தொய்யாமல் சுற்றிக்கொண்டே வாருங்கள். 5 மீட்டர் ஆழத்தில் பாதுகாப்புக்காக 3 நிமிடம் நிற்கையிலும் லேசாகக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பிடி தளர்ந்தால் மிதவை படுத்துவிடும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெறும் துணிபோல் தெரியும்.

இன்னொன்று: இதில் அச்சிட்ட எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. நம் கடலில் வலைக்கு அடையாளமாகவும் மிதவை கட்டுவார்கள். அழியாத மையால் ‘கீழே ஆள்’ என்று இரு பக்கமும் பெரிதாக எழுதிவிடுங்கள்.

டைவ் முடிந்ததும் நூல் முழுவதையும் அவிழ்த்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்துச் சுற்றுங்கள். உப்புப் படிந்தால் முதலில் கெடுவது அந்த ஒருவழி வால்வுதான்.