கத்தி அலகில் செதுக்கக் கற்க: உளியா, காற்றழுத்தக் கருவியா, சுழல் கருவியா, அரிப்பா?

கத்தியின் அலகில் கொடியோ பூவோ பெயரோ செதுக்கப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புகிறவர்களுக்கு நான்கு வழிகள் உள்ளன. கையால் தள்ளியோ சிறு சுத்தியலால் தட்டியோ உளியால் செதுக்கலாம். காற்றழுத்தத்தில் இயங்கும் செதுக்குக் கருவியை நாடலாம். மின்சாரச் சுழல் கருவியால் கீறலாம். வேதிக் கரைசலாலோ மின்னோட்டத்தாலோ உலோகத்தை அரிக்கச் செய்யலாம். பெரும்பாலோர் இவற்றை விலையைக் கொண்டே எடைபோடுகிறார்கள். ஆனால் எதைத் தேர்வது என்பதைத் தீர்மானிப்பது, கையிலிருக்கும் எஃகு எவ்வளவு கடினமானது என்பதுதான்.

நன்றாகத் தோய்ச்சல் ஏறிய (சூடாக்கி, சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கிய) கத்தி அலகின் கடினம் ராக்வெல் C அளவுகோலில் பெரும்பாலும் 56 முதல் 62 வரை இருக்கும். செதுக்கு உளிகள் செய்யப்படும் அதிவேக எஃகின் கடினமோ ஏறத்தாழ 63 முதல் 65 வரைதான். வெட்டும் பொருளுக்கும் வெட்டப்படும் பொருளுக்கும் இடையே இவ்வளவு குறைந்த வேறுபாடு இருந்தால் உளிமுனை சில கோடுகளிலேயே மழுங்கிவிடும், அல்லது ஒடிந்துவிடும். டங்ஸ்டன் கார்பைடு உளி இதைவிட மிகக் கடினமானது என்றாலும், நொறுங்கும் இயல்புடையதாகையால் சற்றே சாய்ந்து திரும்பினாலும் நுனி தெறித்துவிடுகிறது. கடையில் வாங்கிய முழுமையான கத்தியை எடுத்துவைத்து உளியோடு அமர்கிறவர் முதல் நாளிலேயே மனம் தளர்வது இதனால்தான்; அவருடைய கையைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஆயினும் கற்பதற்கு என்று வரும்போது நான் கை உளியையே முதலில் வைப்பேன். பயிற்சியைக் கத்தியில் தொடங்காமல் பித்தளை, செம்பு, மென்னெஃகுத் தகடுகளில் தொடங்க வேண்டும். சதுர உளியின் முகத்தை 45 பாகையில் தீட்டி, அடிப்புறத்தில் நுனியை ஒட்டி 15 முதல் 20 பாகை வரையிலான சிறு சாய்வு, அதாவது குதி, கொடுத்தால், கருவியை உயர்த்திப் பிடித்தபடியே ஆழத்தைக் கட்டுப்படுத்தலாம். அந்தக் குதி நீண்டுவிட்டால், வளைவில் திரும்பும்போது கோட்டின் வெளிவிளிம்பை அது நசுக்கிப் பிசிறாக்கிவிடும். குதியைக் கண்ணாடிபோல் மெருகேற்றியிருந்தால் வெட்டின் உட்புறமும் அதேபோல் ஒளிரும். முனை கூர்மையாக இருக்கிறதா என்பதை அறிய, கட்டைவிரல் நகத்தின் மீது மெல்ல வைத்துப் பார்க்கலாம்: வழுக்கினால் மீண்டும் தீட்ட வேண்டும், பதிந்து நின்றால் வேலைக்கு வரலாம். வளைகோடுகளுக்கு உளியைத் திருப்புவதைவிட, சுழலும் உருண்டை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடித்த தகட்டை உளிக்கு எதிராகத் திருப்புவதே சீரான கோட்டைத் தரும். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த ஒரு பழக்கம் இரண்டு கைகளுக்கும் படிவதற்கு மாதங்கள் ஆகும். அந்தப் பொறுமைக்கு ஈடாகக் கிடைப்பது, ஒரே கோட்டை மெல்லியதாகத் தொடங்கி, தடித்து, மீண்டும் மெலிந்து முடியச் செய்யும் திறமை. மற்ற வழிகளில் இது எளிதில் வாய்ப்பதில்லை.

காற்றழுத்தக் கருவியும் அதே உளியைத்தான் பயன்படுத்துகிறது. அதன் பிடிக்குள் இருக்கும் சிறு பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உளியின் பின்புறத்தைத் தட்டுவதால், தோள் வலிமை தேவையில்லை. முனை சறுக்கிப்போகும் ஆபத்தும் குறைகிறது. முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்களுக்கு இது பெரும் வரம். ஆனால் கம்ப்ரசர், அழுத்தச் சீராக்கி, பிடி என்று செலவு பன்மடங்காகிறது. கம்ப்ரசரின் இரைச்சலும் கூடவே வருகிறது. உளி தீட்டத் தெரியாதவருக்கு இந்தக் கருவியும் உதவாது என்பதால், தீட்டுதலில் கை தேர்ந்த பிறகு வாங்குவதே முறை.

சுழல் கருவியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வைர முனை கடினமான அலகையும் கீறும் என்பது உண்மை. ஆனால் அது உலோகத்தைச் சீவாமல் தேய்ப்பதால் கோடு ஒரே தடிமனில் உயிரற்றுத் தெரிகிறது. முனை சற்றே ஓடிவிட்டால் மெருகேற்றிய பரப்பில் நீண்ட வடு விழுகிறது. பெயர் பொறிக்கப் போதும். கலையாகக் கற்க விரும்புகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பயன்படுத்துவதானால் பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

முழுமையான கத்தியிலேயே வேலை செய்தாக வேண்டும் என்பவருக்கு ஏற்றது அரிப்பு முறையே, ஏனெனில் எஃகின் கடினம் அதற்குத் தடையாக இருப்பதில்லை. மின்னரிப்பில், வினைல் ஒட்டுத்தாளில் உருவத்தை வெட்டி அலகில் ஒட்டி, 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை அலகோடும், எதிர்முனையை உப்புநீரில் நனைத்த பஞ்சோடும் இணைத்து, சில நொடிகள் வீதம் பலமுறை தொட்டெடுத்தால் உலோகம் கரைந்து உருவம் பதியும். நேர்மின்னோட்டம் குழிவை உண்டாக்குகிறது. அதன் பின் குறைந்த மின்னழுத்தத்தில் மாறுமின்னோட்டம் தரும் சாதனத்தைப் பயன்படுத்தினால் அந்தக் குழிவு கருமையடைகிறது. துருப்பிடிக்காத எஃகை இவ்வாறு அரிக்கும்போது நச்சுள்ள குரோமியச் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்பதால், கையுறையும் நல்ல காற்றோட்டமும் தேவை.

ஆழமும் பரப்பும் கூடிய உருவங்களுக்கு உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளின் கரைசல் நன்று. அலகைக் கரைசலில் முகம் கீழ்நோக்கித் தொங்கவிட்டால், கரைந்த கசடு கோடுகளில் தங்காமல் கீழே விழும். கரைசல் கீழ்நோக்கி அரிக்கும்போதே பக்கவாட்டிலும் அரிக்கிறது. நெடுநேரம் விட்டால் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே இம்முறைக்கு உருவத்தை வரையும்போதே கோடுகளுக்கிடையே இடம் விட வேண்டும். வேலை முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி அரிப்பை நிறுத்த வேண்டும். மிச்சக் கரைசலைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றக் கூடாது.

உளியால்தான் அலகில் செதுக்குவேன் என்று நிற்பவருக்கு, கத்தி செய்பவரிடமிருந்து தோய்ச்சல் ஏற்றாத அலகைப் பெறுவது ஒரு வழி. ஆனால் ஆழமான கூர்மூலை வெட்டுகள் தோய்ச்சலின்போது விரிசலுக்கு இடம் கொடுக்கலாம். சூட்டில் படியும் கசடை நீக்கும்போது நுண்ணிய நிழற்கோடுகளும் மங்கும். பிடியருகே உள்ள மென்மையான உலோகப் பட்டையில் செதுக்குவது இதைவிடப் பாதுகாப்பானது, தொடக்கநிலையாளர் முதலில் தேர வேண்டிய இடமும் அதுவே. அலகில்தான் என்றால், தடித்த முதுகுப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, வெட்டும் விளிம்பை நோக்கிக் குறுக்காக ஆழமான கோடு இழுக்காமல் இருப்பது நல்லது. எந்த முறையில் பொறித்தாலும் கோடுகளுக்குள் ஈரமோ உப்போ தங்கினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஆகையால் கழுவி, முழுதும் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசிய பிறகே கத்தியை உறையில் இட வேண்டும்.