ஒருதலைப்பட்ச ரத்துப் பத்திரத்தைக் கண்டுபிடிக்க டிஎன்ரெஜிநெட் எவ்வளவு உதவும்?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்போ மனையோ வாங்குபவர்கள் முதலில் தேட வேண்டியது ஒருதலைப்பட்ச ரத்து. கிரையம் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவரின் கையெழுத்தே இல்லாமல், தானாகப் போய் அதை ரத்து செய்து பதிந்துவிடுவதுதான் இது. பிறகு அதே நிலம் இன்னொருவருக்கு விலை பேசப்படும்.

இதைப் பிடிக்கத் தமிழ்நாடு பதிவுத்துறைத் தளமான டிஎன்ரெஜிநெட்டில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) பார்க்கும் வசதி அருமையானது. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. மண்டலம் சேலம் என்று கொடுத்து மாவட்டம், சார்பதிவகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என வரிசையாக நிரப்புங்கள். வங்கி கேட்கும் 30 ஆண்டோடு நிறுத்தாமல் 01.01.1975 முதலே தேடுங்கள். வரும் பட்டியலில் 'தன்மை' என்ற இடத்தில் ரத்து என்று இருந்தால், எழுதிக் கொடுத்தவர் பெயர்களைப் பாருங்கள். முந்தைய கிரையத்தில் வாங்கியவர் அங்கே இல்லையென்றால் சந்தேகம் உறுதி. முந்தைய ஆவண எண்ணை வைத்து எந்தக் கிரையம் ரத்தானது என்றும் பிடித்துவிடலாம்.

இப்படி ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட கிரைய ரத்து செல்லாது என்று 2011-ல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த வரி வில்லங்கத்தில் நிற்கும்வரை வங்கிக் கடன் கிடைப்பது கடினம். நீக்க நீதிமன்றம்தான் போக வேண்டும். தானப் பத்திரத்தையும், பெற்றவர் ஏற்றுக்கொண்டபின், கொடுத்தவர் நினைத்த மாத்திரத்தில் ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியல்ல, எழுதியவர் உயிரோடிருக்கும்வரை தனியாகவே மாற்றலாம், ரத்தும் செய்யலாம். உயில் இந்த வில்லங்கத்தில் வரவும் வராது.

தளத்தின் பெரிய குறை உட்பிரிவில்தான். 45/2 பின்னாளில் 45/2ஏ ஆகியிருந்தால், புது எண்ணில் மட்டும் தேடுபவருக்குப் பழைய எண்ணில் பதிந்த ரத்து தென்படாது. தாய் எண் (பிரிவதற்கு முன் இருந்த எண்), யூடிஆருக்கு (நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம்) முந்தைய எண் எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். யார் யார் கையெழுத்திட்டார்கள் என்ற முழு விவரம் திரையில் வராது. ரத்துப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கிப் படித்துவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.