கப்பலில் வந்து எல்ல பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்து, கரையில் கிடைக்கும் ஒரு பகலுக்குள் எல்ல என்ற மலையக ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் வட்ஸ்அப்பில் இனிக்க இனிக்கப் பேசி வான் ஏற்பாடு செய்து தருகிற ஆட்களிடம் கவனமாக இருங்கள்.

என் சின்னம்மா அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் தாத்தா பாட்டியோடு இந்தியா போனார். கல்யாணமாகிவிட்டதால் என் அம்மா இங்கேயே தங்கிவிட்டார். இப்போது சின்னம்மாவின் மகன் சென்னையில் இருக்கிறான். கப்பல் பயணத்துக்கு அவன் டிக்கெட் எடுத்ததே சின்னம்மாவுக்கு அந்தத் தோட்டத்தையும் மாரியம்மன் கோயிலையும் ஒருதடவை காட்டத்தான். வான்காரரோடு பேசும்போது முதலில் சொன்னதும் அதைத்தான். “அது எங்க பொறுப்பு சார், நம்ம ஆளுங்க நாங்க, உங்கள ஏமாத்துவோமா?” என்று குரல் பதிவு வந்தது. முப்பத்தைந்தாயிரம் ரூபா, எல்லாம் சேர்த்து.

அம்பாந்தோட்டையிலிருந்து எல்ல 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெல்லவாய வரை சமதரை, அதற்கப்புறம் ஏற்றம். நிதானமாக ஓட்டினால் இரண்டரை மணி நேரம் போதும். காலை எட்டு மணிக்குத் துறைமுக வாசலில் ஏறியவர்கள் பத்தரைக்கு வந்துவிடுவார்கள் என்று நான் பண்டாரவளையிலிருந்து எல்லவுக்கு வந்து காத்திருந்தேன். வான் வந்தது ஒரு மணிக்கு.

நடுவில் நடந்தது இது. முதலில் ஒரு மூலிகைத் தோட்டம். “அஞ்சு நிமிஷம் சார், இலவசம்” என்று இறக்கியிருக்கிறார்கள். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், வைத்தியராம், குழந்தைகளுக்கு இலவங்கப் பட்டையைக் காட்டி, பெரியவர்களை உட்காரவைத்துத் தலையைப் பிடித்துவிட்டு, முடி நீக்கும் களிம்பு என்று தம்பியின் காலில் எதையோ தடவியிருக்கிறார். பத்து நிமிடத்தில் துடைத்தபோது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு மொழுமொழுவென்று ஆகிவிட்டது. (அவன் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.) அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய்ப் போத்தல்களை அடுக்கினார்களாம். மூட்டுவலிக்கு ஒன்று, நரைக்கு ஒன்று, தொப்பைக்கு ஒன்று. தலையைப் பிடித்துவிட்ட பையனுக்கு ‘டிப்ஸ்’ தனி. மாத்தளை, மாவனல்லைப் பக்கம் பல வருடமாக நடக்கிற கூத்துதான் இது. வண்டியோட்டிக்குக் கமிஷன் போவது மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும், கப்பலில் வருகிறவர்களுக்குத் தெரியாது. அடுத்து ஒரு மாணிக்கக் கடை. அங்கே எதுவும் வாங்கவில்லை, நேரம் மட்டும் போனது.

எல்லவில் நானும் ஏறிக்கொண்டேன். ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்கு வான் கடைசிவரை போகாது, நடக்க வேண்டும் அல்லது த்ரீவீல் பிடிக்க வேண்டும். அதற்கும் அவர்களே ஓர் ஆளை வைத்திருந்தார்கள். ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வெறும் பாலத்தைப் பார்த்துத் திரும்பினோம்.

தேயிலை பெக்டரி என்று கூட்டிப்போன இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. நான் தோட்டத்துப் பிள்ளை. ஓடுகிற பெக்டரி என்றால் வாசலுக்கு வருமுன்பே தூள் வாசம் மூக்கில் ஏறும், மேல்மாடியில் கொழுந்து வாடிக் கிடக்கும். இங்கே பெயின்ட் அடித்த, கொழுந்து உருட்டும் பழைய ரோலர் ஒன்று நடுக்கூடத்தில் நிற்கிறது, மற்றதெல்லாம் கடை. ‘சில்வர் டிப்ஸ்’ என்று மரப்பெட்டியில் வைத்து விற்றதைத் திறந்து பார்த்தேன். சில்வர் டிப்ஸ் என்பது விரியாத மொட்டு, வெள்ளி நிறத்தில் பூனைமயிர் போர்த்தியிருக்கும், சாயம் வெளிறித்தான் இறங்கும். பெட்டிக்குள் இருந்தது நாம் தினம் குடிக்கிற கறுப்புத் தூள். தேயிலைச் சபையின் வாள் ஏந்திய சிங்க முத்திரை பெட்டியில் எங்கேயும் இல்லை. தூய இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்ததாக இருந்தால்தான் அந்த முத்திரை போட அனுமதி கிடைக்கும்.

சரி, இனித் தோட்டத்துக்குப் போகலாம் என்றோம். “நேரம் இல்ல அக்கா, கப்பல் போயிடும்” என்றார் வண்டியோட்டி. நேரத்தை விழுங்கியதே அவர்தான். ஆனாலும் அவர் சொன்னது உண்மை. கப்பல் கம்பனியின் சொந்தச் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளி வானில் போனவர்களுக்குக் காத்திராது. ஆறு மணிக்குள் ஏறியாக வேண்டும். சின்னம்மா ஒன்றும் சொல்லாமல் வானில் ஏறிக்கொண்டார்.

நான் எல்லவிலேயே இறங்கிவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் தம்பியிடமிருந்து அழைப்பு. வெல்லவாயவில் பெற்றோல் செட்டில் வண்டியை நிறுத்தி, முப்பத்தைந்தாயிரம் இந்திய ரூபாய் கேட்கிறார்கள்! இலங்கைக் காசில் அது ஒரு லட்சத்துக்கும் மேல். குரல் பதிவில் ‘ரூபா’ என்று மட்டும்தானே இருந்தது. ஏற்பாட்டாளரின் இலக்கத்தை வாங்கி நானே பேசினேன். கொஞ்சமும் பதறவில்லை மனிதர். “அக்கா, கப்பல் ஆறுக்குக் கதவ மூடும். நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுவழியில் தம்பி என்ன செய்வான்? பேரம் பேசி இருபத்தைந்தாயிரம் இந்திய ரூபாய் கொடுத்தான். அதன் பிறகு வான் பறந்த வேகத்தைப் பற்றி அவன் மனைவி இன்றும் புலம்புகிறாள். எல்ல - வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்ததை மறந்துவிடாதீர்கள். அந்த இறக்கத்திலும் எங்கள் வான் இப்படித்தான் வந்ததாம்.

ஆகவே, கப்பல் புறப்படும் உண்மையான நேரத்தை வண்டியோட்டியிடம் சொல்லவே சொல்லாதீர்கள், அதற்கு ஒன்றரை மணி நேரம் முந்திய நேரத்தைச் சொல்லுங்கள். ‘இலங்கை ரூபா’ என்று எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணத்தைத் துறைமுக வாசலுக்குத் திரும்பி வந்து கொடுப்பதாகப் பேசுங்கள், ஒப்புக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள். கடை, மூலிகைத் தோட்டம் எதிலும் நிறுத்தக்கூடாது என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள். வழிகாட்டி என்று வருகிறவரிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அடையாள அட்டையைக் கேளுங்கள். அம்பாந்தோட்டையில் இறங்கி அதே நாளில் நுவரெலியாவும் கண்டியும் காட்டுகிறேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம், போய்த் திரும்பவே பகல் போதாது. எல்லவும் பக்கத்தில் இன்னும் ஓர் இடமும், அவ்வளவுதான் முடியும். ஏமாந்தால் வண்டி இலக்கத்தைப் படமெடுத்து, 1912க்கு அழையுங்கள், அது அதிகார சபையின் இலக்கம்.

நாங்கள் குரல் பதிவோடு புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. அந்த ஆள் அதே பாலத்துப் படத்தைப் போட்டு இந்த வாரமும் விளம்பரம் செய்கிறார். இப்போது பிள்ளைகளுக்கு வான் கட்டணம் இலவசமாம்.