பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4: டிஜே ஆக விரும்புவோருக்கு எந்த அளவு உதவும்?

கோயில் கொடை விழா என்றாலும் திருமண வரவேற்பு என்றாலும், ஒலிபெருக்கிகளை வாடகைக்குக் கொண்டுவரும் ரேடியோ செட்காரரிடம் முதலில் சொல்லி வைப்பது திருநெல்வேலிச் சீமையின் நெடுநாள் வழக்கம். இப்போது அதே செட்காரரிடம் "டிஜே உண்டா?" என்ற கேள்வியும் சேர்ந்து வருவதால், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கத்து இளைஞர்கள் பலர் இதைத் தொழிலாகவே எண்ணத் தொடங்கி, முதல் கருவியாக எதை வாங்கலாம் என்று விசாரிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் கண்ணில் முதலில் படுவது பயோனியர் டிஜே பிராண்டின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 என்னும், மடிக்கணினியோடு இணைத்துப் பாடல்களைக் கலக்க உதவும் கட்டுப்பாட்டுக் கருவி. பழகுவதற்கு மிக நல்ல கருவி இது. ஆனால் இதை மட்டும் நம்பி நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்குப் போவது சரிப்படாது என்பதே என் முடிவு.

2018-இல் வந்த டிடிஜே-400 கருவிக்கு மாற்றாக வந்தது இது. இரண்டு சுழல்தட்டுகள், நடுவே இரண்டு சேனல் மிக்ஸர், பக்கத்துக்கு எட்டாக மொத்தம் பதினாறு அழுத்துபொத்தான்கள் என்ற அமைப்பு, பெரிய அரங்குகளில் இருக்கும் அதே பிராண்டுக் கருவிகளின் வரிசையையே பின்பற்றுவதால், இதில் பழகிய கை பின்னால் அங்கே போனாலும் தடுமாறாது. மடிக்கணினியின் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்வதால், பயிற்சியின் நடுவே கரண்ட் போனாலும் மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும் வரை வேலை தடைப்படாது. இந்தக் கருவியோடு மடிக்கணினியில் இயங்கும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளின் அடிப்படை மிக்ஸிங் வசதிகள் கருவியை இணைத்தவுடன் தனிக் கட்டணம் இல்லாமலே திறந்துகொள்கின்றன என்பது, சந்தா கட்டத் தயங்கும் வீடுகளுக்குப் பெரிய ஆறுதல்.

இதில் 'சிங்க்' என்றொரு பொத்தான் இருக்கிறது. இரண்டு பாடல்களின் தாளத்தைத் தானே ஒன்றாக்கிவிடும் அந்தப் பொத்தானைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹவுஸ் வகை மின்னணு நடன இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகளுக்குள், கணினியில் உருவாக்கப்பட்டதால் இம்மியும் பிசகாமல் ஓடும். அதற்குச் சிங்க் கச்சிதமாகப் பொருந்துகிறது. நம் ஊர் இசை அப்படி ஓடுவதில்லை. நையாண்டி மேளத்தின் ஒலிப்பதிவை உள்ளே போட்டால், தவிலும் பம்பையும் ஆட்டத்துக்கேற்ப வேகம் கூட்டிக்கொண்டே போக, மென்பொருள் தொடக்கத்தில் குறித்துவைத்த தாளக்கோடுகள் சற்று நேரத்திலேயே அடிகளை விட்டு விலகி நிற்கின்றன. மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் வரும் பகுதிகளில், எதையும் நான்கு நான்காக எண்ணும் அந்த மென்பொருள் முற்றிலும் தடுமாறுகிறது. கலைஞர்கள் நேரில் வாசித்துப் பதிவான பழைய திரைப்பாடல்களுக்கும் ஓரளவு இதே நிலைதான். மென்பொருளின் பாடல் பகுப்பாய்வு அமைப்பில் 'நார்மல்' என்பதை 'டைனமிக்' என்று மாற்றினால் நிலைமை பெரிதும் சீராகிறது என்றாலும், அதன் பிறகும் கோடுகளைக் கண்ணால் பார்த்து, தவறியவற்றைக் கையால் நகர்த்தத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே, புதிதாகப் பழகுகிறவர்கள் சிங்க்கை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். 126 அடியில் ஓடும் பாடலையும் 128 அடியில் ஓடும் பாடலையும் சேர்த்து ஓடவிட்டால், பதினைந்து விநாடிகளில் அரை அடி விலகி, இரண்டின் 'கிக்' என்னும் கனத்த டிரம் ஒலியும் மாறி மாறி இடிக்கத் தொடங்கும். ஹெட்போனை ஒரு காதில் வைத்து, சுழல்தட்டின் விளிம்பை விரல் நுனியால் இலேசாகத் தள்ளியோ பிடித்தோ, இரண்டு இடியும் ஒன்றாகும் வரை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி. வேகத்தை மாற்றும் நழுவி (ஸ்லைடர்) குட்டையாக இருப்பதால் நுட்பமான மாற்றங்களுக்குப் பொறுமை வேண்டும். ஆயினும் அந்த விளிம்பு விரலின் அசைவுக்கு நன்றாகவே இணங்குகிறது. ஒரு பாடலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வேகத்தையும் ஒலியளவையும் தாழ்ஒலியையும் தானே சரிசெய்யும் 'ஸ்மார்ட் ஃபேடர்' பழகுகிறவருக்குத் தேவையில்லை.

தொழிலுக்குப் போதாது என்று சொன்னதற்குக் காரணம் கருவியின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒலி வெளியே செல்ல வீட்டு ஒலிக்கருவிகளில் காணும் ஆர்சிஏ வகைத் துளைகள் ஒரு ஜோடி மட்டுமே உண்டு, நீண்ட கேபிளிலும் இரைச்சலைத் தடுக்கும் எக்ஸ்எல்ஆர் வகை கிடையாது. மேடையிலிருந்து ஆம்ப்ளிஃபயர் அடுக்குக்கு நீண்ட கேபிள் இழுக்கும் கல்யாண மண்டபத்திலோ, ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் சூழ்ந்த கொடைப் பந்தலிலோ ஆர்சிஏ வழியே இரைச்சல் எளிதில் புகுந்துவிடும். அருகிலேயே, ஒலியை எக்ஸ்எல்ஆர் வகைக்கு மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் என்னும் சிறு பெட்டி ஒன்றை வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் எடுத்தால் சமாளிக்கலாம் என்பதால், அதற்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மைக் துளையும் ஒன்றுதான்.

பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலகப் புகழ்பெற்ற டிஜேக்களில் பலருக்குப் பெயர் வாங்கித் தந்தது பாடல்களைக் கலக்கும் திறமையைவிட, சொந்தமாக இசை உருவாக்கும் திறமையே. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் கேரிக்ஸ் 2013-இல் 'அனிமல்ஸ்' வெளியிட்டபோது அவருக்கு வயது 17. மூன்றே ஆண்டுகளில் டிஜே மேக் இதழின் முதல் 100 பட்டியலில் முதலிடம் பெற்றார். சுவீடனின் அவிச்சி 2011-இல் 'லெவல்ஸ்' பாடலால் உலகெங்கும் அறியப்பட்டு, உடல்நலம் கெட்டதால் 2016-இல் மேடையை விட்டு விலகி, 2018-இல் 28 வயதில் மறைந்தார். ஓயாத பயணமும் இரவு விழிப்பும் இந்தத் தொழிலோடு சேர்ந்தே வருகின்றன என்பதை வீட்டில் மனம்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது.

கேரிக்ஸ், அவிச்சி இருவருமே இசை உருவாக்கப் பயன்படுத்தியது எஃப்எல் ஸ்டுடியோ என்னும் மென்பொருள். எஃப்எல்எக்ஸ்4 அந்த வேலையைக் கற்றுத் தராது. ஆகவே கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வரவேற்புகளிலும் கொடைகளிலும் பாட்டுப் போட விரும்புகிறவர் இந்தக் கருவியையும் காதை முழுதாக மூடும் ஹெட்போனையும் வாங்கட்டும்; சொந்த மெட்டுகளால் பெயரெடுக்க விரும்புகிறவர், ஒருமுறை வாங்கினால் பிற்காலப் பதிப்புகளைக் கட்டணமின்றித் தரும் அந்த மென்பொருளின் சோதனைப் பதிப்பிலிருந்து தொடங்கட்டும்.